பனி இல்லையாம்

இன்னிக்கு அப்பாவைத் தம்பானூர் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனேன்.

எழுபதுகள்ல பட்டாளத்துக் குத்துச்சண்டை வீரர். குளிர்காலம் வந்தா காஷ்மீர்ல பனிச்சறுக்குப் போட்டி. ரெண்டுலயும் மெடல். இப்போ என் பேரே பாதி நாள் ஞாபகம் இருக்காது.

"எந்தா பிரஸ்னம்?"னு மலையாளி டாக்டர் கேட்டார்.

"நல்ல பனி சார்!" அப்பா உற்சாகமா சொன்னார்.

மலையாளத்துல பனின்னா காய்ச்சல். டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாம தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்தார்.

"பனியொண்ணும் இல்லல்லோ."

அப்பா முகம் அப்படியே வாடிப்போச்சு. என் பக்கம் திரும்பி, "அப்போ இன்னிக்குப் போட்டி இல்லையா?"ன்னார்.

"நாளைக்கு இருக்குப்பா"ன்னு சொல்லிட்டேன்.

நாளைக்கு என்ன சொல்றது? ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.