டீவிச் சத்தம் போதாத வீடு

பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்து சேரும்போது என் தொண்டையில் ஒன்றும் மிச்சமிருக்காது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவள் நான். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு நடுவே மரத்தட்டிதான் மறைப்பு. அந்தப் பக்கத்து வகுப்பின் சத்தத்துக்கு மேலே என் சத்தம் எழும்ப வேண்டும். அப்படிக் கத்திவிட்டு, மேட்டுப் பாதையில் ஏறி வந்து, தேத்தண்ணி குடித்து, கால்நீட்டி உட்கார்ந்தால் என் கணவர் டீவியைப் போடுவார். அதோடு எனக்கு இரண்டாவது வேலை ஆரம்பமாகும்.

"என்ன சொல்றா அவ?"

"வீட்டை விட்டுப் போறாளாம்."

"யாரு?"

"மருமக."

"அதுக்கு அந்த மாமியா என்ன சொன்னா?"

தொடர் நாடகம் முடியும்வரை இப்படித்தான். டீவியில் ஒருத்தி பேசுவாள், பிறகு அதையே நான் பேசுவேன். நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் அங்கே வேறொன்று நடந்துவிடும். அதையும் கேட்பார். சில நாள் அலுப்பில் கதையை நானே சுருக்கி, "சண்டை முடிஞ்சி போச்சிங்க" என்று முடித்துவிடுவேன். அடுத்த நாள் சண்டை தொடரும்போது என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

அவர் சொன்ன காரணம், டீவி சரியில்லை என்பது. பழைய பெரிய டீவி பழுதாகி, சுவரில் மாட்டும் தட்டை டீவி வந்ததிலிருந்து இந்தத் தொல்லை. "பழசுக்கு முன்னுக்கே ஸ்பீக்கர் இருந்திச்சி. இதுக்கு முதுகுல வச்சிருக்கான். சுவருக்கா கேக்கணும்?" என்பார். அது உண்மைதான். போதாததற்கு மழை. எங்கள் பக்கம் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. தகரத்தில் அது கொட்டத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, டீவி எம்மாத்திரம்? அதனால் நானும் அவர் சொன்னதை நம்பினேன்.

கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் எங்கள் மகள்தான் ஸ்பீக்கர் யோசனையைக் கொண்டுவந்தாள். டீவிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டி, சத்தம் நன்றாக இருக்குமாம். தானே வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

"அப்பாகிட்டக் கேளுங்கம்மா. என்ன மாதிரி வேணும்னு அவரே பாத்துச் சொல்லட்டும்."

"நீயே கேளேன். இந்தா குடுக்கிறேன்."

போனை அவரிடம் நீட்டினேன். வழக்கம்போலக் காதில் வைத்தார். "ம்... ம்... சரி, அம்மாகிட்ட பேசு" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அவள் ஸ்பீக்கர் பேச்சை விட்டு மழையைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "சரிம்மா, வைக்கிறேன்" என்றாள்.

அவள் கொழும்புக்குப் போவதில் அவருக்கு விருப்பமில்லை. தடுக்கவும் இல்லை. போகும் நாளில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிடக் கூடவே போனார், வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிறகு அவள் சொன்னாள். அதிலிருந்து போனில் அவர் பேசுவது இந்த 'ம்' மட்டும்தான். எல்லாம் ஒரு நாள் சரியாகும் என்று நான் அதை விட்டுவிட்டேன். யாருடைய கோபத்தை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

ஸ்பீக்கர் விஷயம் எப்படியோ சுவர் தாண்டிப் போய்விட்டது. எங்கள் லயம் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய வீடுகள்; காம்பராவுக்குக் காம்பரா இருக்கும் சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் "டீச்சருக்குச் சளியா?" என்று கேட்பார்கள். அடுத்த காம்பராவில் இருப்பவர் ரப்பர் பால் வெட்டும் ஒரு அக்கா. வெளிச்சம் வருமுன்னே மலைக்குப் போகிறவர், இருட்டியதும் படுத்துவிடுவார். குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், அண்ணனுக்குச் சத்தம் பத்தலையாமே. பொட்டி வாங்கப் போறீங்களாம்?"

"யோசிக்கிறோம் அக்கா. இன்னும் முடிவில்ல."

"வாங்குங்க, வாங்குங்க. நான் ஒண்ணும் சொல்லல." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "நாங்க விடியக்காலயில எந்திரிக்கணும், அதான் சொல்றேன்."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொல்லிப் போனார். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னால், "நம்ம வீட்டு டீவி, நம்ம காது" என்றார். இரண்டு பேர் நடுவிலும் நின்றுகொண்டு நான் சோற்றுப் பானையைக் கழுவினேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் யட்டியாந்தோட்டை டவுனுக்குப் போனோம். மின்சாமான் கடை முதலாளி ஒரு சிங்களவர். என் கணவரோடு அவருக்குப் பழைய பழக்கம். இவர் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில், ரப்பர் அழுத்தும் ரோலர் மெஷின் இரைச்சலில், காலம் முழுக்க நின்றவர். வேலையில் இருந்த நாளில் ஸ்டோருக்கு வேண்டிய பல்பு, வயர் என்று அந்தக் கடையில்தான் வாங்குவாராம். இரண்டு பேரும் சிங்களத்தில் ஊர்க் கதை பேசத் தொடங்கினார்கள். என் கணவரின் சிங்களம் அப்படியே பக்கத்துக் கிராமத்துச் சிங்களம். என்னுடையது தட்டுத் தடுமாறி வரும். அதனால் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலாளி கேட்ட எல்லாவற்றுக்கும் இவர் பதில் சொன்னார், ஒரு தடவைகூட 'என்ன?' என்று திருப்பிக் கேட்கவில்லை. அப்படியானால் கோளாறு டீவியில்தான் என்று அப்போதும் நினைத்தேன்.

முதலாளி ஒரு பெட்டியை டீவியோடு இணைத்துப் பாட்டுப் போட்டார். கனத்த ஆண் குரல். கண்ணாடி அலுமாரி அதிர்ந்தது. "மாமே, தென் ஹரித?" என்று கேட்டார், இப்போது சரியா என்று. என் கணவர் முகம் மலர்ந்து, "ஹரி, ஹரி" என்று தலையாட்டினார். என்னைப் பார்த்து, "பாத்தியா? நான் சொன்னேன்ல, டீவிதான் சரியில்ல" என்றார்.

பாட்டு முடிந்து அடுத்தது தானாக ஆரம்பித்தது. ஒரு பெண் பாடினாள். மெல்லிய, உச்சத்துக்குப் போகும் குரல். முதல் அடி முடிந்து இரண்டாவது அடிக்கு வந்துவிட்டாள். என் கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெட்டியைப் பார்த்தபடி காத்திருந்தார்.

"மேளம் நல்லாத்தான் இருக்கு," என்றார் முதலாளியிடம் சிங்களத்தில். "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

முதலாளி அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். இவரும் கூடச் சிரித்தார், எதற்கென்று தெரியாமல். பாடுகிறவள் மூன்றாவது அடிக்குப் போய்விட்டிருந்தாள்.

மாதா கோயிலில், பூசைக்கு நடுவே பாட்டு ஆரம்பித்து எல்லோரும் எழும்பும்போது அவர் என்னைப் பார்த்துவிட்டு எழும்புவது ஞாபகம் வந்தது. பாட்டுக் குழுவில் எல்லாம் பெண்பிள்ளைகள். நாடகத்தில் அவர் என்னிடம் கேட்பது எப்போதும் 'அவ என்ன சொன்னா' என்றுதான். 'அவன் என்ன சொன்னான்' என்று எத்தனை தரம் கேட்டிருப்பார்? நினைவில்லை. செய்தி வாசிப்பவர் ஆணாக இருந்தால் என்னைத் தொந்தரவு செய்ய மாட்டார். பிறகு போன். மகளுடைய குரல் சின்ன வயதிலிருந்தே கீச்சுக் குரல்.

"இன்னைக்கு வேணாங்க. யோசிச்சு வாங்கலாம்," என்று எழும்பினேன். அவருக்குப் புரியவில்லை. முதலாளிக்கும் முகம் சுருங்கியது. பஸ்ஸில் வரும்போது, "நல்ல சாமான், ஏன் வேணாம்ன?" என்று இரண்டு தரம் கேட்டார். தலை வலிக்கிறது என்றேன். அதுவும் உண்மையாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். பின்பக்கத்து வாழைமரத்தடிக்குப் போய் மகளுக்கு அழைத்தேன். கடையில் நடந்ததைச் சொன்னேன். நடுவில் அவள் ஒன்றும் பேசாததால் லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்." பிறகு, "அப்ப அப்பாவுக்கு என் மேல கோவம் இல்லையா?" என்றாள்.

"எனக்குத் தெரியல. கேட்டுப் பாக்கிறேன்."

"அந்த ஸ்பீக்கரை வாங்கிக் குடுத்தாவாச்சும் பேசுவாருன்னு நெனைச்சேம்மா." அழுதாள். கடையில் ஆள் வந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றே அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அடுத்த நாள் கோயில் விட்டு வந்து சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். எதிர்பார்த்ததுபோலவே கோபம் வந்தது.

"எனக்குக் காது கேக்கும். இப்ப நீ பேசுறது கேக்கலையா?"

"நான் பேசலைங்க. கத்துறேன். வகுப்புல கத்துற மாதிரிதான் வீட்டுலயும் கத்துறேன். அதான் உங்களுக்குக் கேக்குது."

நான் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது. எவ்வளவு காலமாக இந்த வீட்டில் கத்திக்கொண்டிருக்கிறேன்? பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் தொண்டை போகிறது என்று நினைத்திருந்தேன்.

"புள்ள அழுவுது," என்றேன். "நீங்க கோவத்துல பேசாம இருக்கீங்கன்னு நெனைச்சிக்கிட்டு இருந்திருக்கு."

கை கழுவிய ஈரம் காய்ந்தும் அவர் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "போன்ல குருவி கத்துற மாதிரித்தான் கேக்கும்," என்றார் கடைசியில். "ஒரு தரம் கேக்கலாம், ரெண்டு தரம் கேக்கலாம். அதுக்கு மேல கேட்டா, கெழவனுக்கு ஒண்ணும் வெளங்காதுன்னு நெனைக்காதா? அதான் உன்கிட்ட குடுத்திட்டேன்."

"கோவம்?"

"போன அன்னைக்கு இருந்திச்சி. பஸ்ஸு திரும்புற வரைக்கும்."

அதற்குப் பிறகு ஸ்பீக்கர் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. வாங்குவோம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதைக் காட்டுவோம் என்றேன். பார்ப்போம் என்றார். நாடகம் ஓடியது, அவர் கேட்டார், நான் சொன்னேன். முன்பு அலுப்பு மட்டும் இருந்தது. இப்போது அலுப்போடு, அலுத்துக்கொள்கிறோமே என்ற வருத்தமும் சேர்ந்துகொண்டது.

பிறகு ஒரு நாள் எனக்கு நிஜமாகவே தொண்டை கட்டிவிட்டது. காய்ச்சலும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். சாயங்காலம் அவர் டீவியைப் போட்டபோது கையால் சைகை காட்டினேன், இன்றைக்கு என்னால் முடியாது என்று. சரி என்று தலையாட்டினார். சேனலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மழை தொடங்கி, தகரச் சத்தத்தில் டீவிச் சத்தம் எனக்கே கேட்காமல் போய்விட்டது.

அந்த இரைச்சலுக்குள் அவர் சிரித்தார். நான் கண் திறந்து பார்த்தேன். தமிழ்ப் படம்தான் ஓடியது, ஆனால் ஒரு சிங்களச் சேனலில். மறுபடி சிரித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில்தான் சிரித்தார். எழும்பி உட்கார்ந்து, எப்படி என்று கையை விரித்தேன்.

திரையின் அடிப்பக்கத்தைக் காட்டினார். பேசுவதையெல்லாம் சிங்களத்தில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் படித்தது கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில். அப்போது பக்கத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் சின்ன வகுப்போடு நின்றுவிட்டதாம். அதனால் சிங்களம் சரளமாக வாசிப்பார். தமிழ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிப்பார். கல்யாணமான புதிதில் நான் சொல்லித் தருகிறேன் என்றபோது, "உன் வகுப்புல எனக்குப் பெஞ்சு பத்தாது" என்று தட்டிவிட்டார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற என் வீட்டில், என் கணவர் தமிழ்ப் படத்தைச் சிங்கள எழுத்தில் வாசித்துப் புரிந்துகொண்டு சிரிக்கிறார். எனக்கு முதலில் என்னவோ போல இருந்தது. பிறகு, எனக்கு ஓய்வு கிடைத்ததே என்று படுத்துவிட்டேன்.

அதிலிருந்து நாடகத்தை விட்டுவிட்டார். எழுத்து ஓடும் படங்கள் எப்போது, எந்தச் சேனலில் என்று அவருக்கு அத்துப்படி. சத்தத்தை வெகுவாகக் குறைத்துவிட்டார், சில வேளை முழுவதும் நிறுத்தியும் விடுவார். ஒரு நாள் குழாயடியில் பால் வெட்டும் அக்கா என்னைப் பிடித்தார்.

"டீச்சர், அந்த மருமக திரும்பி வந்தாளா இல்லையா?"

"எந்த மருமக?"

"நாடகத்துலதான். நீங்க அண்ணனுக்குக் கத்திச் சொல்லுவீங்களே. படுத்துக்கிட்டே கேப்பேன். இப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது."

தெரியவில்லை என்றேன். அக்காவுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

பண்டிகைக்கு மகள் வந்தாள். வந்த அன்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதும் பார்வையை எடுப்பதுமாக இருந்தார்கள். சாப்பிட்ட பிறகு அவள் பாயை அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, முகம் பார்க்க உட்கார்ந்தாள்.

"அப்பா, அப்ப ஸ்பீக்கர் வேணாமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, ஆண்பிள்ளை மாதிரி மெதுவாக மறுபடி கேட்டாள்.

"வேணாம்," என்றார். "சத்தம் இருக்கு. பேச்சுத்தான் வெளங்கல. பொட்டி வாங்கினா சத்தந்தான் கூடும்." பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அம்மா சொல்லுது. நீ இருக்கும்போதே போயிட்டு வருவோம்" என்றார்.

போவோம் என்று என்னிடம் ஒரு தடவைகூட அவர் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அங்க சாப்பாடெல்லாம் எப்படி?" என்று அவளிடம் கேட்டார். அவள் சொன்னாள். பாதி புரியாமல் காதைச் சாய்த்தார். அவள் திரும்பச் சொன்னாள். தங்கும் அறை, கடை முதலாளி, கூட வேலை செய்யும் பிள்ளைகள் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம், மூன்று தரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தொண்டை போகும் என்று நினைத்தேன். போகட்டும், இளம் தொண்டைதானே.

நான் உள்ளே போய்ப் படுத்தேன். தூக்கம் உடனே வந்தது.