மனுவில் நான் சொல்லாத வரி

போடிமெட்டிலிருந்து என் தோட்டத்துப் பக்கம் இறங்கிய ஜீப்பின் டிரைவர் வண்டியை நிறுத்தாமலே சொன்னான்: "பெருசு, பரமசிவண்ணே போயிட்டாரு." நான் நம்பவில்லை. நீ பார்த்தாயா என்று கேட்பதற்குள் ஜீப்பு வளைவில் திரும்பிவிட்டது. போடிக்கு வந்து, வீடுவரை போய், முகத்தைப் பார்த்த பிறகே நம்பினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மனு அடித்துக்கொடுத்த பரமசிவத்தை உங்களில் பலருக்குத் தெரியும். அவரை முதலில் துளியும் நம்பாதவன் நான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. காதில் விழுந்தது மட்டும் மறக்காது. கேரளப் பக்கச் சரிவில் எனக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டம். அதற்குப் போகும் ஒரே நடைவழியைப் பக்கத்துத் தோட்டக்காரன் முள்கம்பி போட்டு மறித்தான். காய் செடியிலேயே பழுத்து வெடித்துக்கொண்டிருந்தது. அங்குள்ள அலுவலகத்துக்கு மலையாளத்தில் மனு வேண்டும். எஸ்டேட் பள்ளியில் மலையாளம் படித்த பரமசிவத்தை விட்டால் எனக்கு வேறு ஆள் தெரியாது. மறித்தவனோ அவருடைய மச்சினன்.

அவர் அப்போதுதான் பழைய கணினியில் லினக்ஸ் போட்டிருந்தார். அது சும்மாவே கிடைப்பது என்றார். சும்மா கொடுப்பவன் எதை எடுத்துக்கொள்வான் என்று யோசித்தேன். அதில் மலையாளம் இன்னும் இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, அமைப்புகளைத் திறந்து, விசைப்பலகைப் பகுதியில் கூட்டல் குறியைத் தட்டினார். மொழிகளின் பட்டியல் விழுந்தது. ஒன்றைத் தொட்டுச் சேர்த்தார். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தியதும் திரையின் மூலையிலிருந்த சின்ன அடையாளம் மாறியது. அதே கட்டைகள், அதே விரல்கள், திரையில் மட்டும் வேறு சுழிகள்.

"கட்டையில இருக்கிறது ஒன்னு, மேல வர்றது வேற. என்னத்த நம்புறது?" என்றேன்.

"நம்பாதீங்கண்ணே. சொல்லுங்க, அடிக்கிறேன்."

சொல்லி முடித்ததும் மனசு ஆறாமல், "அடிக்கிறவன் அவன் மச்சினன். இத யாரு பாக்கப் போறா?" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலை நிமிராமல் தட்டிக்கொண்டே இருந்தார். வாசித்துக் காட்டுகிறேன் என்றவரிடம், நீ வாசித்து நான் கேட்பதா என்று தாளைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பேறினேன்.

போடிமெட்டில் சாயாக்கடைச் சேட்டன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். நான் சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை. கடைசி வரியில் சிரித்துவிட்டார்: "இதை அடித்துக் கொடுப்பவர் எதிராளியின் மச்சினன். ஆகவே அதிகாரி நேரில் வந்து வழியைப் பார்க்கவும்."

முதல் பாதி என் வாயிலிருந்து விழுந்தது. இரண்டாவது பாதியை நான் சொல்லவே இல்லை. மறுநாளே பரமசிவத்திடம் போய்க் கேட்டேன்.

"சந்தேகம் ஒங்களோடதுண்ணே. அதுக்கு என்ன செய்யணும்னு மட்டுந்தான் நான் போட்டேன்."

அதிகாரி வந்து பார்த்தார். கம்பி அவிழ்ந்தது. அதன் பிறகு அந்த மச்சினன் பரமசிவத்தின் வாசல் மிதிக்கவில்லை. அவரை எடுக்கும் அன்றுதான் வந்து, தள்ளி நின்றான். என்ன நோக்கத்தில் வந்தானோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதையும் நான் சொல்லச் சொல்ல, அதே கணினியில் பரமசிவத்தின் மகள் அடிக்கிறாள். மூலையில் என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டேன். தமிழ்தான் என்றாள். பரமசிவத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நடைவழியும், கேட்பதற்குக் கூச்சப்படாத இந்தப் பழக்கமும்.

"வாசிச்சுக் காட்டவா பெரியப்பா?"

"வாசி ஆத்தா. மொதல் வரியிலிருந்து."