இடது காலை ஊன்றச் சொன்னவர்

ஊரில் எல்லோரையும் கேலி செய்கிறவன் நான். என் மகன் விஷயத்தில் நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் என்னைத்தான் கேலி செய்வீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுவதில் அவன்தான் முதல். டிரில் மாஸ்டர் அவனை இடது காலை ஊன்றித் தாண்டப் பழக்கியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ராஜபாளையத்தில் போட்டி நடந்த அன்று மைதானத்திலேயே சண்டைக்குப் போனேன்.

"புது மாப்பிள்ளையே வலது காலை வச்சுத்தான் வீட்டுக்குள்ள வாரான். எம்மவனுக்கு மட்டும் இடது காலா ஸார்?"

"அவனுக்குப் பலம் அந்தக் கால்லதான் இருக்கு, அண்ணாச்சி. பயலைக் குழப்பாதீக."

குழப்பினேன். மகன் ஓடி வந்து, கால் ஊன்றித் தாண்டும் பலகையை நெருங்கும்போது, "ஏலே, வலது காலு!" என்று கத்தினேன். அவன் கால் மாற்றப் பார்த்தான். கால்கள் பின்னிக்கொள்ள, முழங்கால் மடங்கி விழுந்தான்.

அன்று நான் ஓடிய வேகத்துக்குப் பரிசு எனக்கே கொடுத்திருக்கலாம். நன்றாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தவனைப் பார்த்து, "உசிரு இருக்கா ஸார்?" என்று அலறினேன்.

மகன் முனகினான். "ரெண்டு பேரு சொன்னதையும் கேக்கப் பாத்தேம்ப்பா. ஏலல."

மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. "அந்தப் பக்கம் பிடிங்க அண்ணாச்சி" என்றார். இருவரும் சேர்ந்து அவனை வண்டிக்குத் தூக்கிப் போனோம்.

அதன் பிறகு அவன் தாண்டவே இல்லை. இன்றும் படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறான். நான் பார்ப்பது தெரிந்தால் கையை எடுத்துவிடுகிறான்.