அறுபத்து நான்கு பக்க வாசகன்

எங்கள் வாசிப்புக் குழுவுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. படித்து முடித்த புத்தகத்தை மட்டுமே அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். கிளியனூரில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தொடங்கிய வாட்ஸ்ஆப் குழு அது. நான் சேர்ந்து நான்கு வருடமாகிறது. இதற்குள் முப்பது புத்தகமாவது சிபாரிசு செய்திருப்பேன். அதில் படித்து முடித்தது எத்தனை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு நாவலில் ஐம்பது, அறுபது பக்கம் போனதும் யாராவது ஆதார் கார்டை நீட்டுவார்கள். அதோடு அந்த நாவலுக்கும் எனக்கும் உறவு முறிந்துவிடும். ஆனால் படித்த வரைக்கும் வைத்து நாலு வரி கேலியாக எழுதிப் போட்டால், சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்து விழும். ஐம்பது வயதில் ஒரு மனிதன் கெட்டுப்போக அது போதும்.

குழுவில் டைப் அடிக்காத ஒரே ஆள், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண். உப்பு வாரி வாரி விரல் நுனியெல்லாம் தேய்ந்து வெடித்திருப்பதால், பாதி நேரம் போன் அவர் தொடுவதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் வாய்ஸ் மெசேஜ்தான். பின்னணியில் காற்று இரையும். ஒருமுறை, எல்லோரும் கொண்டாடிய ஒரு தடிமனான நாவலைப் பற்றி டீச்சர் நீளமாக எழுதியிருந்தார். இவர் பதில் பத்து விநாடிகூட இல்லை.

“நல்லாத்தான் இருக்குது டீச்சர். ஆனா நூத்தி இருவது பக்கம் ஆச்சு, இன்னும் ஒருத்தரும் ஒரு வாய் சோறு சாப்பிடல. எப்படித்தான் உயிரோட இருக்காங்களோ.”

எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். காதலிக்கிறார்கள், தத்துவம் பேசுகிறார்கள், ஒருவருக்கும் பசிக்கவில்லை. நான் எழுதுவது வெறும் கேலி. இவர் சொல்வதுதான் விமர்சனம் என்று அன்றைக்குப் புரிந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

போன மழைக்காலத்தில் அவரிடமிருந்து எனக்கென்றே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

“அண்ணே, எங்க நாத்தனாரு ஊட்டுக்காரரு போயி ஆறு மாசம் ஆவுது. எங்ககூடத்தான் இருக்காங்க. கூப்பிட்டா வருவாங்க, குடுத்தா சாப்பிடுவாங்க. பேச்சே இல்ல. இப்ப மழ, உப்பளத்துல வேல இல்ல, நானும் ஊட்டுலதான் இருக்கேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, நான் படிச்சுக் காட்டலாம்னு பாக்குறேன். நல்லா சிரிப்பா ஒண்ணு சொல்லுங்கண்ணே.”

டீச்சரைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டிருக்கிறார்! தலைகால் புரியவில்லை. ஒரு கல்யாணச் சமையல்காரரைப் பற்றிய நாவல் கையில் இருந்தது. பந்தி பாதியில் பாயசம் தீர்ந்துபோய் அவர் படுகிற பாட்டை நினைத்தாலே சிரிப்பு வரும். ‘வயிறு வலிக்கும், மாத்திரையோட உக்காருங்க’ என்று பதில் எழுதினேன். மறுநாள் அவர் கணவர் கடைக்கு வந்து புத்தகத்தை வாங்கிப்போனார்.

ஒரு வாரம் கழித்து, யாரோ அந்த நாவலைப் பற்றிக் கேட்க, டீச்சர் குழுவில் எழுதினார்: ‘அருமையான நாவல். பாதியில் அந்தச் சமையல்காரரின் மனைவி இறந்துபோகும் இடத்தில் என்னால் முடியவில்லை. ரெண்டு நாள் மூடி வைத்துவிட்டேன்.’

அப்போது என் முன்னால் ஒருவர் ரேஷன் கார்டோடு நின்றிருந்தார். அவர் கேட்டது ஒரு காப்பி. நான் ஆறு போட்டேன்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டால் போகவில்லை. அவர்கள் பக்கம் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை என்றார்கள். புருஷனை இழந்து வாய்மூடிக் கிடக்கிறவருக்குச் சிரிப்பு மருந்து என்று சொல்லி நான் எதைக் கொடுத்திருக்கிறேன்! ஷட்டரை இறக்கிவிட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பாத்திகளெல்லாம் மழைத் தண்ணீரில் மூழ்கி, ரோடு எது, உப்பளம் எது என்று தெரியவில்லை.

அவர்கள் வீட்டு ஷீட் கூரையில் மழை அடிக்க, உள்ளே அவர் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் சுவரில் சாய்ந்தபடி ஓர் அம்மா.

“யாரும்மா இவரு?” என்றார் அந்த அம்மா.

“புக்கு குடுத்த அண்ணன்.”

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய்யை எடுத்துவிட்டேன். “அந்தப் புக்க வேற ஒருத்தரு கேட்டாங்கம்மா. வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்.”

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லாருக்குதே! அந்த மனுசனுக்குப் பொண்டாட்டி செத்து ரெண்டு நாள்தான் ஆவுது. இப்பப் போயி புக்கப் புடுங்க வந்துட்டீங்களே!”

பேச்சே இல்லை என்று சொன்னது இவரையா? படித்துக்கொண்டிருந்தவர் என்னை வாசல் பக்கம் கூப்பிட்டார்.

“அந்த எடம் வந்ததும் நான் மூடி வச்சுட்டேண்ணே. சாயந்தரம் அவங்களே கேட்டாங்க, ‘அப்புறம் அந்த ஆளு இன்னா பண்ணான்’னு. படிச்சேன். அழுதாங்க. ஆறு மாசமா அழவே இல்லண்ணே அவங்க.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“அறுபத்தி நாலுக்கு அப்புறம் நாலு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பிரஸ்லேருந்து வந்தபடியே. நான்தான் பிளேடு போட்டுப் பிரிச்சேன்.”

ரெயின்கோட்டுக்குள்ளேயே சுருங்கிப் போனேன்.

“டீச்சராண்ட சொல்ல மாட்டேன், வாங்க” என்று சிரித்துவிட்டு உள்ளே போனார்.

நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் சேரை என் பக்கம் தள்ளினார். “நீங்க முழுசாப் படிச்சவரு. கடைசில இன்னா ஆவுதுன்னு சொல்லிடாதீங்க.”

“சத்தியமா சொல்ல மாட்டேம்மா.”

என் வாழ்நாளில் இவ்வளவு நம்பகமான சத்தியத்தை நான் செய்ததில்லை. புத்தகத்துக்குப் பின்னால் ஒரு முகம் சிரிப்பை அடக்கிக்கொண்டது.

பிறகு படிக்க ஆரம்பித்தார். நடிக்கவில்லை, குரலை ஏற்றி இறக்கவில்லை. எந்த வரிக்குப் பின்னால் காத்திருக்க வேண்டுமோ, அங்கே காத்திருந்தார். அவ்வளவுதான். முப்பது புத்தகத்தைப் பரிந்துரைத்த எனக்கு, ஒரு வரிக்குப் பின்னால் காத்திருக்கலாம் என்பதே அன்றுவரை தெரியாது.

கதையில், மனைவி போனபின் சமையல்காரர் முதன்முதலாக ஒரு கல்யாணத்துக்குச் சமைக்கிறார். பழக்க தோஷத்தில், திரும்பிப் பார்க்காமலே கரண்டியைப் பக்கவாட்டில் நீட்டி, “உப்பு பாரு” என்கிறார். மனைவி எப்போதும் நிற்கிற இடத்தில், பந்தி தாமதமென்று சண்டை போட வந்த மாப்பிள்ளையின் அப்பா நிற்கிறார். அவரும் வாயைத் திறந்து குடித்துவிட்டு, “கொஞ்சம் கம்மி” என்கிறார்.



“அய்ய, அப்படித்தான் ஆவும்” என்றார் நாத்தனார். “நேத்து நானும் ரெண்டு டம்ளர்ல டீ ஊத்திட்டேன். யாருக்குன்னு ஊத்துனேன்? அப்புறம் ரெண்டையும் நானே குடிச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

எனக்கும் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

“அண்ணே, சத்தம் போடாதீங்க. மழையில ஏற்கெனவே ஒண்ணும் கேக்கல” என்று அதட்டிவிட்டு, நாத்தனார் அந்தப் பக்கம் திரும்பினார். “நீ படிம்மா.”