மூணாம் நம்பரின் கடைக்குட்டி

ஜூன் 4: ஆண் குழந்தை பிறந்தது.
ஜூன் 19: பெயர் பதிந்தது. கட்டணம் இல்லை.
நவம்பர் 2: பெயர் மாற்ற மனு. கட்டணம் 120.
நவம்பர் 27: அந்த மனுவைத் திரும்பப் பெற இன்னொரு மனு. கட்டணம் 30.
டிசம்பர் 18: கோப்பு தேடிய கட்டணம் 15.

இத்தனை அலைச்சலும் ஒரே ஒரு பெயருக்காக. பெயர், போஸ்டுமுஸ். வைத்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

அவருடைய சொந்தப் பெயரை எழுதிப் பிரயோசனமில்லை. தெருமுனையில் நின்று அதைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டால் ஆறு பேர் "என்ன?" என்று திரும்புவார்கள். அவர் படித்த வகுப்பிலேயே அந்தப் பெயரில் நான்கு பையன்கள். வாத்தியார் சலித்துப்போய் ஆளுக்கொரு எண் கொடுத்தார், இவருக்கு மூன்று. லிஃப்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தால் அங்கேயும் அதே பெயரில் இரண்டு பேர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே அங்கேயும் மூணாம் நம்பர். அப்படிக் கூப்பிடாதவள் அவர் மனைவி மட்டும்தான். அவளுக்கு "ஏங்க" என்பதே போதுமானதாக இருந்தது.

ஒருமுறை கம்பெனி மருத்துவர் இவருக்குச் சர்க்கரை வியாதி என்று அறிக்கை அனுப்பினார். எட்டு மாதம் மனுஷன் இனிப்பைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, வியாதி ஒண்ணாம் நம்பருக்கு. அந்த ஆள் எட்டு மாதமும் இவர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்திருந்தார். அன்றே மூணாம் நம்பர் முடிவு கட்டிவிட்டார்: தனக்கு ஒரு மகன் பிறந்தால், உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர்தான்.

முதல் இரண்டும் பெண்கள். பெயர் வைத்தது மனைவி. மூன்றாவது பையன். அவன் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, அருங்காட்சியகத்து லிஃப்டைப் பழுது பார்க்கப் போனவர், மாற்றுப் பாகம் வந்து சேரும்வரை நாணயக் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் தாடி வைத்த ஒரு முகம். ரோமாபுரியிலிருந்து பிரிந்து மேற்கே தனியாட்சி நடத்தியவன், பெயர் போஸ்டுமுஸ், என்று கீழே எழுதியிருந்தது. வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். லிஃப்ட் கதவு பிசிறில்லாமல் சாத்திக்கொள்வதுபோல் இருந்தது. பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

பதிவு அலுவலகத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பேர்ல எத்தனை பேர் இருக்காங்க?"

எழுத்தர் கணினியில் தட்டிப் பார்த்தார். "ஒருத்தரும் இல்லீங்க. எழுத்துப் பிழை எதுவும் இல்லையே?"

அன்றைக்கு மூணாம் நம்பருக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அக்காள்மார் "போஸு" என்றார்கள். மனைவி முதல் நாளிலிருந்தே "என் கடைக்குட்டி" என்றாள். மைத்துனன் மட்டும் விடாமல் கேட்டான்: "ஏன் மச்சான், போஸ்ட்மேன்னே வச்சிருக்கலாமே? தபாலாவது நேரத்துக்கு வந்திருக்கும்."

"உனக்கு வயித்தெரிச்சல் மாப்ளே," என்பார் இவர்.

அக்டோபர் நடுவில், சாப்பிட்ட கை காயாமல் உட்கார்ந்திருந்தபோது, அதே மைத்துனன் செல்போனை நோண்டிவிட்டு, "லத்தீன் பேராம் மச்சான்! ஆதிகாலத்துல வச்சதாம், இப்ப யாரும் வைக்கிறதில்லையாம். அர்த்தம் வந்து..." என்று ஆரம்பித்தான். அப்படியே நிறுத்தினான்.

"என்னடா அர்த்தம்?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிப் போகுது? சொல்லித் தொலைடா."

"அப்பா செத்ததுக்கு அப்புறம் பொறந்த பிள்ளைன்னு போட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. குழந்தை மட்டும் தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டு தன் பாட்டில் ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர் செருப்பு மாட்டும்போது மனைவி கேட்டாள், "இன்னிக்கு எந்தக் கட்டடம்? எத்தனை மாடி?" பத்து வருஷத்தில் கேட்காத கேள்வி. அவர் சிரித்து மழுப்பினார். ஆனால் வழி நெடுக அது செருப்புக்குள் புகுந்த கல்மாதிரி உறுத்தியது.

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாதி வேலை கூண்டின் தலைமேல் நின்றுதான். நாலு பக்கமும் சுவர், மேலே கம்பிவடம், கீழே இருட்டு. அதுவரை அவருக்கு அது அடுப்படிபோலப் பழகின இடம். அன்று ஒன்பதாவது மாடியில் நின்றவர், நிறுத்தும் விசையைப் போட்டார். போட்டோமா என்று பார்த்தார். மறுபடி பார்த்தார். கை கம்பியை விட மறுத்தது. 'உன் பிள்ளைக்கு நீயே எழுதி வச்சிட்டியே' என்று உள்ளே ஒரு குரல்.

"என்னடா மூணு, கல்யாணப் பொண்ணு மாதிரி குந்திக்கிட்ட?" என்றார் கூட வந்த ரெண்டாம் நம்பர்.

"தலை சுத்துது."

"உனக்கா? ஊரையே மேலயும் கீழயும் சுத்தவிட்டவனுக்கா?"

அடுத்த வாரமும் அப்படியே ஆனது. மேற்பார்வையாளர் கூப்பிட்டு, இன்னொரு தடவை என்றால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். ஸ்டோர் என்றால் சம்பளம் பாதி. வீட்டிலோ மனைவிக்குத் தூக்கமே போய்விட்டது; மாலையில் இவர் படியேறும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் தண்ணீர் குடித்தாள். "பேரை மாத்துங்க. உங்க பேரையே வைங்க. நீங்க கல்லுமாதிரி இருக்கீங்கன்னு ஊருக்குத் தெரியட்டும்," என்றாள். நவம்பர் 2-ல் அவர் மனு எழுதினார். புதிய பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதும்போது, மகனுக்கு எத்தனையாம் நம்பர் வருமோ என்று நினைத்தார்.

"உத்தரவு வர ரெண்டு மாசம் ஆகும்," என்றார் எழுத்தர். "வந்துட்டா அப்புறம் திரும்ப மாத்த கோர்ட்டுக்குத்தான் போகணும்."

அந்த மாதக் கடைசியில் நூலகத்து லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே அகராதிப் பிரிவு அம்மா. அவரை வெளியே இறக்கிவிட்ட பிறகு, அவர் நன்றி சொல்லி முடிப்பதற்குள் இவர் கேட்டுவிட்டார்: "ஒரு பேருக்கு அர்த்தம் பாத்துச் சொல்வீங்களா? லத்தீன்."

தலையணை கனத்துக்கு ஒரு அகராதி வந்தது. அந்த அம்மா விரலை வைத்து வாசித்தார். "பின்னால-ங்கற சொல்லிலேருந்து வந்திருக்கு. பிந்தினவன். எல்லாருக்கும் கடைசி, கடைசியாப் பொறந்தவன். முதல் அர்த்தம் இதுதான்."

"அப்பா செத்தப்புறம்னு சொல்றாங்களே?"

"அதுவும் இருக்கு. அப்பா போனப்புறம் பொறந்தா அதுதானே கடைசிப் பிள்ளை? அதனால அவங்களுக்கும் வச்சாங்க. பிற்காலத்துல வந்தவங்க இதுல புதைக்கிற மண்ணுங்கற சொல் ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டு, நடுவுல ஒரு எழுத்தையும் சேத்துட்டாங்க. பேர்ல மண்ணைப் போட்டது அவங்கதான்."

வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொன்னார். இரண்டு அர்த்தமும் இருப்பதையும் மறைக்கவில்லை. மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாருக்கும் கடைசின்னா கடைக்குட்டிதானே?"

"ஆமா."

"அதைத்தானே நான் பொறந்த நாள்லேருந்து கூப்பிடறேன்!" குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நடுவுல வந்தவங்க மண்ணைப் போட்டா அதுக்கு நாம ஏன் பயப்படணும்? போய் மனுவைத் திருப்பி வாங்குங்க."

"அப்ப இன்னொரு பிள்ளை வந்தா என்னக்கா பண்ணுவ?" என்றான் மைத்துனன்.

"வராது. அதான் பேர்லயே எழுதிக் கொடுத்தாச்சே," என்றாள்.

நவம்பர் 27-ல் இரண்டாவது மனு போனது. பதில் இல்லை. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் அலுவலகத்துக்கே போனார். அங்கே ஒரு ஆள் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்: "என் பொண்ணு பேர் மாத்தற மனுவை எவன்யா ரத்து பண்ணது? நான் கேட்டேனா?"

எழுத்தர் அந்த ஆளின் பெயரைச் சொல்லிச் சமாதானப்படுத்தினார். அது மூணாம் நம்பரின் பெயரும்தான். இவருடைய மனு அந்த ஆளின் கோப்பில் போய்ச் சேர்ந்திருந்தது.

"உங்க பேர்ல தேடினா நாப்பத்தேழு கோப்பு வருதுங்க," என்றார் எழுத்தர், வியர்வையைத் துடைத்தபடி. "பையன் பேர் சொல்லுங்க."

"போஸ்டுமுஸ்."

ஒரே ஒரு கோப்பு. அதில் பெயர் மாற்ற உத்தரவு தட்டச்சாகி, கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. எழுத்தர் இரண்டாவது மனுவை அதன்மேல் குண்டூசியால் குத்தினார். "அதிகாரி மேல உள்ளதைப் பாத்தா பிழைச்சீங்க. பாக்காம போட்டுட்டார்னா என் கையில இல்ல."

அதன்பிறகு மனைவி மாடி எண்ணிக்கை கேட்பதை விட்டுவிட்டாள். அதிகாரியின் கடிதத்துக்காகத் தபால்பெட்டியைத்தான் பார்த்தாள். அவர் கூண்டின் மேல் ஏறினார். விசையை ஒருமுறை மட்டும் பார்த்தார். ஸ்டோர் பேச்சு நின்றது. கடிதப் பேச்சுத்தான் நிற்கவில்லை. தெருவில் அவர் பெயரில் இன்னும் இரண்டு வீடுகள். கடிதம் அங்கே போய்க் கிழிபட்டிருக்குமோ என்று அவற்றையும் ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு வந்தார்.

பிறகு ஒருநாள், அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் தபால்காரர் குரல் கேட்டது.

"இங்க போஸ்டுமுஸ் வீடு எது?"

"இதுதான்!" என்று மனைவி ஓடினாள். உறையின்மேல், 'போஸ்டுமுஸ் என்பவரின் தகப்பனார்' என்று எழுதியிருந்தது.

"தகப்பனார் இருக்காரா? கையெழுத்து வேணும்," என்றார் தபால்காரர்.

"இருக்கார், இருக்கார்," என்றாள் அவள்.

அவர் ஒரு காலில் செருப்போடு வந்து கையெழுத்துப் போட்டார். அவள்தான் பிரித்தாள். பெயரில் மாற்றம் செய்யப்படவில்லை, என்று ஒற்றை வரி. வந்து சேர்ந்த தேதி: ஜனவரி 9.