பழைய விமானத்தின் மீட்டர் பலகை

வளைகுடாவில் ஒரு விமானப் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தேன். மீட்டர்களும் ஒயர்களும்தான் என் பிரிவு. நீடாமங்கலத்தில் என் நாத்தனார், "ஏர்போர்ட்ல டிக்கெட் குடுக்கிறா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவருக்கு விஷயம் தெரியும். ஆனால் குறுவை, சம்பா என்று வயலே கதியாகக் கிடந்தவர் என் வேலையைக் கண்ணால் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிய பிறகு, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கூப்பிட்டார்கள். மாணவர்கள் பழகுவதற்காக வாங்கிய பழைய இரண்டு சீட்டு விமானம் அங்கே கொட்டகையில் நின்றது. இனிப் பறக்காது; இன்ஜின் மட்டும் ஓடும். மீட்டர் பலகை செத்துக் கிடந்தது; அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒயரைத் தொட்டால் மேல்தோல் பொடியாக உதிர்ந்தது. வேக மீட்டருக்குக் காற்று கொண்டுவரும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

"எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரே ஸ்கிரீனா வெச்சிடுங்க மேடம்" என்றார் துறைத் தலைவர்.

"நல்லா இருக்கிறதை ஏன் சார் தூக்கிப் போடணும்? வேக மீட்டரும் உயர மீட்டரும் இருக்கட்டும். பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல இருந்தாதான் பசங்களுக்குப் புரியும்."

யோசித்து, சரி என்றார். புது அலுமினியத் தகடு வெட்டினேன். ஒயர் முழுக்க மாற்றினேன். விமானத்தின் சாய்வைக் காட்டும் மீட்டர் தேய்ந்துபோயிருந்ததால் அந்த இடத்தில் மட்டும் சின்ன ஸ்கிரீன் பொருத்தினேன்.

கடைசியில் திசைகாட்டி. விமானத்தை மைதானத்துக்குத் தள்ளி, ஒவ்வொரு திசையாகத் திருப்பி நிறுத்திச் சரிபார்க்க வேண்டும். ஆள் போதவில்லை. கணவருக்குப் போன் செய்தேன். நடவு முடிந்திருந்த சமயம், பைக்கில் வந்துவிட்டார்.

"கிழக்கு எதுன்னு தெரிஞ்சுக்கவா இவ்வளவு பாடு?" என்றார், வாலைத் தள்ளிக்கொண்டே.

"மேகத்துக்குள்ள வரப்பா இருக்குங்க, பார்த்துப் போறதுக்கு?"

சிரித்துக்கொண்டே தள்ளினார்.

சாயங்காலம் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து இன்ஜினைக் கிளப்பினேன். ஆயில் பிரஷர் முள் சற்றுத் தயங்கியது. பிறகு மெல்ல ஏறிப் பச்சைக் கோட்டுக்குள் நின்றது. ஸ்கிரீன் ஒளிர்ந்தது. ஒரு முள்கூடத் தப்பாகக் காட்டவில்லை.

இன்ஜினை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. பலகையை விரலால் தடவியபடி இருந்தார்.

"இதெல்லாம் நீ போட்டதா?"

"ஒவ்வொரு ஒயரும்."

இறங்கி நேராகத் துறைத் தலைவரிடம் போனார். "சார், இது என் வீட்டுக்காரம்மா செஞ்சது" என்றார், அவருக்குத் தெரியாத சேதிபோல.

"தெரியுங்க!" என்று சிரித்தார் அவர்.

எனக்குக் கூச்சமாக இல்லை. இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்றிருந்தது.