மோதிர விரல் நகம்

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. புளியமரம், அமாவாசை, கொலுசுச் சத்தம் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது பேய்க் கதையாகவே தோன்றாது. நடந்தது பட்டப்பகலில். 1981 மே மாதம், திருச்சி மேலப்புதூரில், பஸ் ஹாரன் காதில் விழுகிற தூரத்தில் நடந்தது.

நடந்தது அமலராணிக்கு. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் அப்பா அம்மாவோடு இருந்தாள். இருபத்து நான்கு வயது. கணக்கு டீச்சர். கணக்கு டீச்சர்களிடம் பேய் வாலாட்டாது என்று சொல்லிச் சிரிக்கிற ரகம்.

மேலப்புதூர், பாலக்கரை பக்கத்து மாதா கோயில்களில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ‘கிட்டார் வட்டம்’ என்று ஒன்று வைத்திருந்தார்கள். சினிமாப் பாட்டுக்கு அடிக்கிற கிட்டார் இல்லை. நைலான் தந்தி, இடது பாதத்துக்கு அடியில் குட்டி ஸ்டூல், வலது கை நகத்தாலேயே மீட்டுகிற கிளாசிக்கல் கிட்டார். வருஷத்துக்கு ஒரு கச்சேரி. வருகிறவர்களில் பாதி சொந்தக்காரர்கள், மீதி மின்விசிறிக்காக வந்து உட்கார்ந்தவர்கள். ஆனால் வாசிக்கிறவர்களுக்கு அதுதான் உயிர்.

வட்டத்தின் தலைவர் அடைக்கலராஜ். பேங்க் உத்தியோகம், நல்ல காது, நாக்கில் மட்டும் விஷம்.

“பொம்பளப் புள்ளைங்களுக்கு ட்ரெமோலோ வராதும்மா. விரல்ல பலம் பத்தாது.”

ட்ரெமோலோ என்பது ஒரே தந்தியை மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வேகமாக மீட்டுவது. சரியாக வந்தால் ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி இடைவெளியே இல்லாமல் கேட்கும். மூன்று நகமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று போனால் எல்லாம் போச்சு.

இரண்டு வருஷம் மற்றவர்களுக்குப் பக்கவாத்தியமாகவே உட்கார்ந்திருந்தாள் அமலராணி. அந்த வருஷம் சண்டை போட்டு, ட்ரெமோலோவிலேயே ஒரு தனி வாசிப்பு வாங்கிவிட்டாள். அடைக்கலராஜ் ஒரு நிபந்தனை போட்டார்.

“ஆறு மணிக்கு மேடையில இருக்கணும். சொதப்பினா இனிமே தனியா வாசிக்கணும்னு கேக்கவே கூடாது.”

“சரிங்க சார்.”

அவள் கையிலிருந்த கிட்டார் ஆறு மாதம் முன்பு அடைக்கலராஜ் மூலமாக வாங்கியது. முன்பு வட்டத்தில் இருந்த பிலோமின்ராஜ் என்பவருடையது. எழுபத்தேழு வெள்ளத்தில் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார்கள். ஆறு அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று அவளே நினைத்துக்கொண்டாள். மேற்கொண்டு யாரும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

கச்சேரி நாள். கச்சேரி மண்டபத்துக்கு மூன்று மணிக்கே வந்துவிட்டாள். மண்டபத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. ஒரே கதவு. உயரத்தில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். வாட்ச்மேன் மூக்கன் பூட்டும் சாவியுமாக நின்றார்.

அமலராணியிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டில் பயிற்சி செய்யும்போது அம்மாவை வெளியே பூட்டச் சொல்லுவாள். பூட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்று அக்கம்பக்கத்தார் திரும்பிப் போய்விடுவார்கள். தொந்தரவே இருக்காது.

“அண்ணே, வெளிய பூட்டிட்டுப் போயிடுங்க. அஞ்சரைக்கு வந்து திறந்தாப் போதும்.”

“ஆளை உள்ள வச்சா பூட்டச் சொல்றீங்க?”

“பரவால்லண்ணே. பூட்டுங்க.”

கதவு சாத்தப்பட்டது. உட்கார்ந்தாள். கிட்டார் பெட்டியின் கொக்கியை நெம்பினாள்.

டக்.

மோதிர விரல் நகம் பாதியாக ஒடிந்து தரையில் கிடந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதம் வளர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய நகம். ஒடிந்தால் பிங்பாங் பந்தை நக அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒடிந்த துண்டையே ஒட்டிக்கொள்வார்கள். அதற்காகவே பழைய நகத்தை எடுத்து வைத்திருப்பவர்களும் உண்டு. கேட்கிறவர்களுக்குக் குமட்டும், கிட்டார்காரர்களுக்கு அதெல்லாம் சகஜம். ஆனால் அவளுடைய துண்டு இரண்டாக விண்டிருந்தது. பந்தும் இல்லை.

பெட்டிக்குள், தந்திகள் வைக்கிற, மூடி போட்ட சின்னத் தடுப்பைத் திறந்தாள். பசை ட்யூப் இருந்தது. அதன் அடியில்... ஒரு நகம்.

நீளமானது. அழகாகத் தேய்த்தது. ஆறு மாதமாக அந்தத் தடுப்பைத் திறந்து மூடுகிறாள், அதைப் பார்த்த ஞாபகமே இல்லை. பிலோமின்ராஜ் எடுத்து வைத்ததாக இருக்கும் என்று நினைத்தாள். நன்றி சொல்லிக்கொண்டே எடுத்தாள். ஒடிந்த நகத்துக்கு நுனி மட்டும்தானே இருக்கும்? இது முழு நகம். அடிப்பக்கம் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது. அவசரத்தில் அவள் அதைச் சுரண்டிவிட்டு ஒட்டினாள்.

கச்சிதமாகப் பொருந்தியது.

வாசித்தாள். அப்படியொரு ட்ரெமோலோ அவள் கையிலிருந்து அதுவரை வந்ததில்லை. தூறல் இல்லை, மழை! சிரித்துவிட்டாள். ஆறு மணிக்கு அடைக்கலராஜ் முகம் எப்படிப் போகும் என்று நினைக்கவே இனித்தது.

இரண்டாம் தடவை வாசிக்கும்போது மோதிர விரல் தந்தியைத் தவறவிட்டது. பலகையில் உரசியது.

கர்ர்...

மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் அதே விரல்.

கர்ர்... கர்ர்...

விரலுக்குத் தந்தி வேண்டியிருக்கவில்லை. மரம்தான் வேண்டியிருந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அமலராணி அப்போது அரளவில்லை. பசை இறுகும்போது விரல் மரத்துப்போயிருக்கும் என்று கணக்குப் போட்டாள். கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினாள். கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று எழுந்தாள்.

ஈரச் சேற்று வாசனை அடித்தது.

மே மாதம். காவிரியே மணலாகக் கிடந்தது. எங்கிருந்து சேறு?

சொட்... சொட்...

பிறகு சொட்டுச் சத்தம் நின்றது. தண்ணீர் கதவில் மோதித் திரும்புகிற சத்தம் கேட்டது. சளப்... சளப்...

தரையைப் பார்த்தாள். காய்ந்த தரை. ஆனால் முழங்கால் வரை ஜில்லென்றிருந்தது.

ஜன்னல் வெளிச்சம் மங்கியது. நேரம் நாலு கூட ஆகியிருக்காது.

கதவைத் தள்ளினாள். அசையவில்லை. இழுத்தாள். அசையவில்லை.

“மூக்கண்ணே! திறங்க!”

கதவில் காது வைத்துக் கேட்டாள்.

“அண்ணே!”

ஜில்லிப்பு இடுப்புக்கு ஏறியது. மூச்சு முட்டியது. இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள்.

அப்போது வெளியே ஆள் வரும் சத்தம் கேட்டது. நடக்கிற சத்தம் இல்லை. துடுப்புப் போடுகிற சத்தம்.

“இந்த வீட்டுல யாராச்சும் இருக்கீங்களா?”

“இருக்கேன்! உள்ள இருக்கேன்! திறங்க!”

“டேய், பூட்டு தொங்குதுடா. ஆள் இல்ல. படகைத் திருப்பு.”

“ஐயோ, இருக்கேன்! நான் இருக்கேன்!”

துடுப்பு... துடுப்பு... தூரமாகப் போனது.

ஜில்லிப்பு நெஞ்சுக்கு வந்தது.

மோதிர விரல் மட்டும் தானாக எழுந்தது. கதவுக்குப் போனது.

கர்ர்...

இடது கையால் பிடித்து இழுத்தாள். முடியவில்லை.

கர்ர்... கர்ர்... கர்ர்...

கழுத்து.

மாதாவே...

மறுபடி துடுப்பு. மறுபடி குரல்.

“அதான் பூட்டியிருக்கே. ஆள் இல்ல.”

தாடை.

கதவு திறந்தது.

மூக்கன் நின்றார். பின்னால் மஞ்சள் வெயில். “அஞ்சரை ஆச்சு டீச்சர்.”

அமலராணி வாசற்படியில் விழுந்தாள். சேலை காய்ந்திருந்தது. கால் காய்ந்திருந்தது. உடம்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கியது.

“ஏண்ணே திறக்கல? எவ்வளவு கத்தினேன்! படகுல வந்தவங்க...”

“படகா? என்னம்மா சொல்றீங்க?” மூக்கன் தன் கையைக் காட்டினார். பூட்டு அவர் கையிலேயே இருந்தது. “நான் பூட்டவே இல்லையே. ஆளை உள்ள வச்சுப் பூட்ட மனசு வரல. சும்மா சாத்திட்டு இந்தப் படியிலயேதான் உக்காந்திருக்கேன். ஒரு ஈ காக்கா வரல.”

“நான் கத்தினது?”

“கத்தினீங்களா? ரெண்டு மணி நேரமா நிறுத்தாம வாசிச்சுட்டுல்ல இருந்தீங்க.”

அமலராணி திரும்பிப் பார்த்தாள். கிட்டார் பெட்டி மூடியிருந்தது. கொக்கி போட்டபடி இருந்தது.

விரலைப் பார்த்தாள். பசை இருந்தது. நகம் இல்லை. இருவரும் அறை முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள். இவள் ஆறு மணிக்கு மேடையில் இருந்தாள். இரண்டு வருஷம் காத்திருந்து, சண்டை போட்டு வாங்கிய இடத்தை எந்தப் பேய்க்கும் விட்டுக்கொடுக்கிறதாக இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாள். மண்டபத்துக் கதவுகள் அத்தனையும் திறந்திருக்க வேண்டும். பஸ் ஹாரன், பிளாட்பாரத்து வியாபாரம், எல்லாம் உள்ளே வந்தன. முன்வரிசை முகம் சுளித்தது. மோதிர விரலை மடக்கிக்கொண்டு இரண்டே விரலில் ட்ரெமோலோ வாசித்தாள். அங்கங்கே திக்கியது. ஆனாலும் கடைசி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

கச்சேரி முடிந்ததும் அடைக்கலராஜ் அவளைத் தனியாக அழைத்தார். மூக்கன் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். மனிதர் வெளிறிப்போயிருந்தார்.

“வெளிய பூட்டச் சொல்ற பழக்கத்தை உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தா?”

“யாரும் இல்ல சார். எங்க வீட்டுல நானா செய்யறதுதான். ஏன்?”

அவர் ஒரு விலாசத்தை மட்டும் சொன்னார். “பிலோமினோட தங்கச்சி. நீ போய்ப் பாரு. எனக்குச் சொல்றதுக்கு வாய் வராது.”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அமலராணி ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள். பிலோமின்ராஜின் தங்கை ரோசம்மாள், காவிரிப் படித்துறைக்குப் போகிற அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார். கீழ் வீடு காலியாக இருந்தும் மாடியையே கேட்டு வாங்கினாராம். உள்ளே எந்த அறைக்கும் கதவு இல்லை, வெறும் திரைதான்.

அமலராணி எல்லாவற்றையும் சொன்னாள்.

“அண்ணனுக்கும் அதே பழக்கம்தாம்மா. வாசிக்கும்போது வெளிய பூட்டிட்டுப் போன்னுவார். உறையூர்ல ஒத்தை ரூம் வீடு. அன்னிக்கும் பூட்டிட்டுத்தான் கெளம்பினேன். ராத்திரிக்குள்ள திரும்பிடலாம்னு நெனச்சேன். மழையில பஸ் நின்னுடுச்சு. சாவி என் கையில. விடியறதுக்குள்ள தெருவெல்லாம் தண்ணி.”

அமலராணி மோதிர விரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

“படகுக்காரங்க ரெண்டு தடவை அந்தத் தெருவுக்கு வந்தாங்களாம். அவங்களே என்கிட்ட சொல்லி அழுதாங்க. பூட்டு தொங்குச்சு, ஆள் இல்லன்னு திருப்பிட்டோம்னு.”

ரோசம்மாள் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

“வலது கையில அஞ்சு நகமும் இல்ல. நாலு நகம் கதவுலயே குத்தி நின்னுச்சு. எடுத்து அவர் சவப்பெட்டிக்குள்ளயே வச்சு அடக்கம் பண்ணோம். மோதிர விரல் நகத்தை மட்டும் காணோம். சேத்தைச் சலிச்சுக்கூடப் பாத்தோம், கிடைக்கல.”

“கிட்டார் பெட்டியில இருந்துச்சுக்கா. அவரே வச்சிருப்பாரோ...”

“எப்படிம்மா வைப்பார்? அன்னிக்கு அவர் வாசிச்சது இரவல் கிட்டார். இந்தக் கிட்டார் லால்குடியில ரிப்பேருக்குக் கிடந்துச்சு. அதை வாங்கிட்டு வரத்தானே நான் போனேன். அவர் அங்க கதவைப் பிறாண்டிக்கிட்டு இருந்தப்ப, அந்தப் பெட்டி என் மடியில இருந்துச்சு.”

கீழே ரோட்டில் ஒரு பஸ் போனது. ரோசம்மாள் அமலராணியின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“இப்ப அந்த நகம் எங்கம்மா?”

“தெரியலக்கா. கதவைத் திறந்தப்போ விரல்ல இல்ல. அந்த ரூம்லதான் எங்கயோ விழுந்திருக்கணும்.”

“அந்த ரூம் இப்ப...?”

அமலராணிக்கு அப்போதுதான் உறைத்தது. கச்சேரி முடிந்ததும் மண்டபத்தோடு அந்த அறையையும் பூட்டிவிட்டார்கள். இனி அடுத்த விசேஷத்துக்குத்தான் திறப்பார்கள்.

“பூட்டியிருக்குக்கா.”

ரோசம்மாள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

“சாவி யார்கிட்ட இருக்கும்? வாம்மா, பஸ் இருக்கும்போதே போயிடலாம்.”